பனியில்லாத ஊரிலிருந்து ஃப்ரீஸ்டைல் ஸ்கீ: எந்த ட்ரிக் முதலில், எது அப்புறம்

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு வாரம் பனி கிடைத்தாலே பெரிய விஷயம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஜப்பானின் ஹொக்கைடோ அல்லது கொரியா, செப்டம்பர் மாத ஒரு வார விடுமுறையில் நியூசிலாந்து. விமான டிக்கெட், தங்குமிடம், லிஃப்ட் பாஸ், வாடகைச் சாமான் எல்லாம் சேர்ந்து கையைக் கடிக்கும். அதனால் அந்த ஒரு வாரத்துக்குள்ளேயே ஒரு 360, அதாவது காற்றில் ஒரு முழுச் சுற்று போட்டு வீடியோ எடுத்துவிட வேண்டும் என்ற ஆசை வருவது இயல்புதான்.

அந்த ஆசையோடு முதல் நாளே ஜம்ப்பின் (எழும்பிக் குதிப்பதற்கான பனிமேடு) முன் போய் நிற்பவர்களில் பலர் மீதி நாட்களை அறையில் முழங்காலில் ஐஸ் பையோடு கழிக்கிறார்கள். துணிச்சல் இல்லாததால் வருவதல்ல இது. வரிசை தப்பிப்போனதால் வருவது. ஃப்ரீஸ்டைலில் எந்த ட்ரிக்கும் தனியாக நிற்பதில்லை. முன்னால் கற்ற இரண்டு மூன்று விஷயங்களின் கூட்டுத்தான் அடுத்தது. அந்த வரிசை தெரிந்தால், அதில் பாதியைச் சிங்கப்பூரிலேயே முடித்துவிட்டு, விலை கொடுத்து வாங்கிய பனி நாட்களை மிச்சப் பாதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

ட்ரிக் பெயர்களில் வரும் எண்கள் எல்லாம் பாகைகள். 180 என்றால் அரைச் சுற்று, 360 முழுச் சுற்று, 540 ஒன்றரை, 720 இரண்டு. நேராகப் போய் 180 சுற்றினால் பின்னோக்கித்தான் இறங்குவீர்கள். 540-க்கும் அதே கதை. பின்னோக்கிச் சறுக்குவதற்கு ‘ஸ்விட்ச்’ என்று பெயர்.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் முதல்முறையாக நடந்த, ஒரே பெரிய ஜம்ப்பில் ட்ரிக் செய்யும் ஸ்கீ பிக் ஏர் போட்டியில், சீன வீராங்கனை எய்லீன் கு தன் கடைசி வாய்ப்பில் 1620 சுற்றித் தங்கம் வென்றார். 1620-ஐ 180-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒன்பது வரும். ஒற்றைப்படை. அதாவது புறப்பட்ட திசையும் இறங்கிய திசையும் வேறு. உலகின் உச்சியில் இருப்பவர் செய்யும் நாலரைச் சுற்றுக்கு உள்ளேயும் அந்த அரைச் சுற்றும் ஸ்விட்ச்சும் இருக்கின்றன. ஸ்விட்ச் வராதவருக்கு ஃப்ரீஸ்டைலில் பாதிக் கதவு மூடியே இருக்கும். வரிசையில் நான் ஸ்விட்ச்சை இவ்வளவு முன்னால் வைப்பதற்குக் காரணம் இதுதான்.

விமானம் ஏறுவதற்கு முன்பு

புறப்படுவதற்கு மூன்று மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவை விட நல்ல பயிற்சிக் களம் இந்த ஊரில் இல்லை. இன்லைன் ஸ்கேட்ஸ் வாடகைக்குக் கிடைக்கும், பாதை சமதளம், காலை ஏழு மணிக்குப் போனால் கூட்டமும் குறைவு. முதலில் நேராக ஓட்டப் பழகுங்கள். அது வந்ததும் பின்னோக்கி ஓட்டுங்கள். தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்துக்கொண்டே, முழங்காலை மடித்து, எடையைப் பாதத்தின் நடுவில் வைத்து. அப்புறம் மெதுவாக ஓடிக்கொண்டே சிறு துள்ளலில் 180 திரும்பி, பின்னோக்கி இறங்கி, நிற்காமல் போய்க்கொண்டே இருப்பது. ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் காப்பு மூன்றும் கட்டாயம். சிமெண்ட் பனியைப் போல மன்னிக்காது.

போன மாதம் என் அண்ணன் மகன் இதைப் பழகினான். துள்ளுவான், திரும்புவான், உடனே தடுமாறிக் கையை ஊன்றுவான்.

“சித்தப்பா, திரும்பிட்றேன். ஆனா இறங்குனதும் நிக்க முடியல.”

“துள்ளும்போது எங்க பாக்குற?”

“கீழ. சக்கரத்தை.”

“சக்கரம் எங்கயும் போகாது. அந்தத் தென்னை மரத்தைப் பாரு. தலையை முதல்ல திருப்பு.”

அடுத்த துள்ளலில் தோள் தலையைப் பின்தொடர்ந்தது, இடுப்பு தோளை, கால் இடுப்பை. இறங்கி, தடுமாறாமல் பின்னோக்கியே பத்து மீட்டர் போனான். தலை போகும் இடத்துக்குத்தான் உடம்பு போகும் என்ற இந்த ஒரு விஷயத்தை ஈஸ்ட் கோஸ்ட்டில் ஸ்கேட்ஸ் வாடகைச் செலவிலேயே கற்றுக்கொள்ளலாம். பனியில் கற்பதற்கு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான வெள்ளி ஆகும்.

அடுத்தது டிராம்போலின் பூங்கா. கற்றுக்கொள்ள வேண்டியவை நான்கு. கைகளை முன்னால் வைத்து நேராக எழும்பி, எழும்பிய இடத்திலேயே இறங்குவது. உச்சியில் முழங்காலை மார்புப் பக்கம் இழுத்து, கையால் பாதத்தின் வெளிப்புறத்தைத் தொடுவது. 180, இரண்டு பக்கமும். அப்புறம் 360, அதுவும் இரண்டு பக்கமும். இடமா வலமா, எந்தப் பக்கம் சுற்றுவது உங்களுக்கு இயல்பு என்பது இங்கேயே தெரிந்துவிடும். இயல்பான பக்கத்தில் முதலில் கற்று, மற்றப் பக்கத்தை விட்டுவிடாமல் வைத்திருங்கள். ஃபிலிப், அதாவது தலைகீழாகச் சுற்றுவது வேண்டாம். அதற்குப் பயிற்றுநரும் ஃபோம் குழியும் (பஞ்சுத் துண்டுகள் நிரப்பிய குழி) உள்ள ஜிம்னாஸ்டிக்ஸ் மையம் வேண்டும், அதைக் கடைசியில் பார்ப்போம்.

உருளும் கம்பளத்தின் மேல் ஸ்கீ பழகும் உள்ளரங்கு இடங்கள் சிங்கப்பூரில் இருக்கின்றன. திருப்பங்களை மெருகேற்ற நல்லவை. பயிற்றுநர் அனுமதித்தால் அங்கேயே ஸ்விட்ச்சும் தொடங்கலாம். ஜம்ப்புக்கும், மேலே ஏறிச் சறுக்கும் இரும்புக் கம்பியான ரெயிலுக்கும் அது ஈடாகாது.

கால் பலத்துக்கு வீவக அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படியே போதும். ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதுதான் நமக்கு முக்கியம், ஏனென்றால் ஸ்கீயில் தொடைத்தசை பெரும்பாலும் எடையைத் தாங்கிக்கொண்டே நீளும் வேலையைத்தான் செய்கிறது. பன்னிரண்டு மாடி மெதுவாக இறங்குங்கள். கீழ்ப்படியிலிருந்து இரண்டு காலாலும் தரையில் குதித்துச் சத்தமே வராமல் இறங்கப் பழகுங்கள். சத்தம் வந்தால் அதிர்ச்சியை முழங்கால் வாங்கியிருக்கிறது. வரவில்லை என்றால் தசை வாங்கியிருக்கிறது.

இன்னொன்று, பயணக் காப்புறுதி. பொழுதுபோக்கு ஸ்கீக்குக் காப்பு தரும் திட்டங்களிலும் ஸ்டண்ட், பந்தயம், பாதைக்கு வெளியே சறுக்குதல் போன்றவற்றுக்கு விலக்கு இருக்கலாம். டெரெய்ன் பார்க்கில் (ஜம்ப், ரெயில் போன்றவை கட்டிவைத்திருக்கும் பகுதி) ஜம்ப் செய்தால் காப்பு உண்டா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கேட்ட பதிலைப் பின்னால் யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள்.

சாமான்

ஸ்கீ, பூட்ஸ் இரண்டும் வாடகைக்கே எடுங்கள். கடையில் கேட்க வேண்டியது ட்வின் டிப், அதாவது முன்னும் பின்னும் வளைந்திருக்கும் ஸ்கீ. பின்முனை தட்டையாக இருந்தால் ஸ்விட்ச்சில் பனிக்குள் குத்திக்கொள்ளும். 1998-இல் சாலமன் நிறுவனம் டென்எய்ட்டி என்ற ட்வின் டிப்பைக் கொண்டுவந்த பிறகுதான் ஸ்கீயில் பின்னோக்கிப் புறப்பட்டு, பின்னோக்கி இறங்கும் இந்தப் பாணி பரவலானது. ஸ்கீயின் உயரம் உங்கள் மூக்குக்கும் நெற்றிக்கும் இடையில் இருந்தால் தொடக்கத்துக்குச் சரி.

பூட்ஸை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பூட்டான பைண்டிங் விடுவிக்கும் அளவைக் கடைக்காரர் உங்கள் எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸ் நீளம் எல்லாம் பார்த்து வைப்பார். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், திறமையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். ஜம்ப்பில் ஸ்கீ கழன்றுவிடுமோ என்று பயந்து இறுக்கச் சொல்பவர்கள் உண்டு. விழும்போது கழல வேண்டிய ஸ்கீ கழலாவிட்டால் அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும்.

ஹெல்மெட் இல்லாமல் பார்க்குக்குள் போகவே வேண்டாம். முதுகுக் காப்பும், உள்ளே அணியும் இடுப்புப் பஞ்சுக் கால்சட்டையும் இருந்தால் நல்லது. மேலே ஏறிச் சறுக்கும் பெட்டியான பாக்ஸில் விழுபவர்கள் பெரும்பாலும் இடுப்பில்தான் விழுகிறார்கள். கைத்தடி வைத்திருந்தால் அதன் பட்டையை மணிக்கட்டில் மாட்டாதீர்கள். விழும்போது தடி கையிலேயே சிக்கிக் கட்டைவிரல் ஜவ்வைக் கிழித்துவிடலாம். தொடக்கத்தில் தடியே இல்லாமல் பழகுவது இன்னும் எளிது.

பார்க்குக்குள் போக நீங்கள் தயாரா?

மூன்று கேள்விகள். நடுத்தரச் சரிவில் இரண்டு ஸ்கீயும் இணையாக, வேகத்தைக் கட்டுப்படுத்தித் திரும்ப முடிகிறதா? இடது, வலது இரண்டு பக்கமும் சடாரென்று குறுக்கே திருப்பி நிற்க முடிகிறதா? மென்மையான சரிவில் எட்ஜ் (ஸ்கீயின் ஓரத்து உலோக விளிம்பு) எதுவும் பிடிக்காமல், ஸ்கீயின் அடிப்பகுதி பனியில் தட்டையாகப் படிந்தபடி பத்துப் பதினைந்து மீட்டர் நேராகப் போக முடிகிறதா?

மூன்றாவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அதுதான் முக்கியம். ஜம்ப்பின் விளிம்பிலும் பாக்ஸின் மேலும் ஸ்கீ தட்டையாக இருக்க வேண்டும். விளிம்பில் ஒரு எட்ஜ் பிடித்தால் உடம்பு காற்றில் சாய்ந்துகொண்டே போகும், அதை அங்கே திருத்த வழியில்லை. இந்த மூன்றில் ஒன்று வரவில்லை என்றாலும் முதல் இரண்டு நாளை ஸ்கீ பள்ளிப் பாடத்துக்குக் கொடுங்கள்.

முதல் படி: ஸ்விட்ச்

குழந்தைகள் பழகும் மிக மென்மையான சரிவுக்குப் போங்கள். மலைமேல் பக்கம் பார்த்து நின்று, ஸ்கீயின் பின்முனைகள் நெருங்கியும் முன்முனைகள் விரிந்தும் இருக்கும்படி வைத்தால், மெதுவாகப் பின்னோக்கி இறங்குவீர்கள். இரண்டு உள் எட்ஜும் பிரேக்காக வேலை செய்யும். தோளுக்கு மேலே கீழ்நோக்கிப் பாருங்கள். பயத்தில் உடம்பு மலைமேல் பக்கம், அதாவது ஸ்கீயின் முன்முனைப் பக்கம் சாயப் பார்க்கும். அப்படிச் சாய்ந்தால் கட்டுப்பாடு போய்விடும். எடை பாதத்தின் நடுவிலேயே இருக்கட்டும்.

அது வந்ததும் விரிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இணையாக வைத்துத் திருப்பங்கள் போடுங்கள். ஒரே தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டே முழுச் சரிவையும் முடிக்கும் பழக்கம் வரவிடாதீர்கள். பின்னால் மற்றப் பக்கம் சுற்றி இறங்கும்போது கழுத்து ஒத்துழைக்காது. ஸ்விட்ச்சில் உங்கள் பார்வைக்கு எட்டாத பக்கம் எப்போதும் ஒன்று இருக்கும், கீழே இருப்பவருக்கே முன்னுரிமை என்பதும் மலையின் விதி. ஆகவே கூட்டம் உள்ள பாதையில் பழக வேண்டாம்.

நடுத்தரச் சரிவிலும் பதற்றமில்லாமல் ஸ்விட்ச் போக முடியும் வரை இதிலேயே இருங்கள். முதல் பயணத்தின் நாட்களில் பாதி இதற்கே போனாலும் நஷ்டமில்லை.

இரண்டாம் படி: தரையிலேயே சுற்று

ஜம்ப்புக்கு முன்னால், பனியை விட்டு எழும்பாமல் ஸ்கீயைத் திருப்பப் பழக வேண்டும். மென்மையான சரிவில் நேராகப் போய்க்கொண்டே உடம்பைச் சற்று உயர்த்துங்கள். அந்தக் கணம் ஸ்கீயின் மேல் எடை குறையும். தலையைத் திருப்பினால் ஸ்கீ வழுக்கிக்கொண்டே 180 திரும்பும். ஸ்விட்ச்சில் சிறிது தூரம் போய், அதே திசையில் இன்னொரு 180. இரண்டையும் நிற்காமல் சேர்த்தால் தரையில் ஒரு 360. இதற்கு வேகம் வேண்டாம், பயமும் இல்லை. காற்றில் செய்யப்போகும் 360-இன் தலை, தோள் அசைவு முழுவதும் இதற்குள் இருக்கிறது. கீழ்ப்பக்க எட்ஜ் பனியில் கொத்தாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இதோடு சேர்த்தே ‘பாப்’ பழகுங்கள். இரண்டு காலாலும் சமமாக, கணுக்காலிலிருந்து தள்ளி எழும்புவதுதான் பாப். பாதையோரத்தில் இருக்கும் சிறு மேடுகளில் எல்லாம் உச்சியில் தள்ளி எழும்பி, கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தில் அழுந்தும்படி இறங்குங்கள். பின்பக்கம் உட்கார்ந்தபடி இறங்குவதுதான் ஃப்ரீஸ்டைலின் மோசமான பழக்கம். பூட்ஸின் பின்புறம் காலை முன்னே தள்ள, முழங்காலின் ஏசிஎல் ஜவ்வு கிழிவது பெரும்பாலும் அந்த நிலையில்தான். ஒவ்வொரு இறக்கத்திலும் கைகள் உங்கள் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள்.

மூன்றாம் படி: முதல் ஜம்ப், நேராக

பார்க்குக்குள் நுழைந்ததும் எதிலும் ஏறாமல் ஒருமுறை ஓரமாகவே சறுக்கிப் பாருங்கள். எது எந்த அளவு, எங்கே ஐஸ் பிடித்திருக்கிறது, ஜம்ப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கடுத்த முறை சிறியதில் மட்டும்.

ஜம்ப்புக்கு நாலு பகுதி உண்டு. ஓடிவரும் பாதை, விளிம்பு, நடுவில் சமதளம், அப்புறம் இறங்கு சரிவு. சமதளம் முடிந்து சரிவு தொடங்கும் முனைக்கு நக்கிள் என்று பெயர். அதைத் தாண்டிச் சரிவில் இறங்கினால் மெத்தென்று இருக்கும். நக்கிளுக்கு முன்னால் சமதளத்தில் விழுந்தால் முழு அதிர்ச்சியும் காலுக்கு. சரிவையே தாண்டிப் போய்விட்டாலும் அதேதான். எனவே ஜம்ப் என்பது முக்கால்வாசி வேகக் கணக்கு.

அந்தக் கணக்கை எப்படிப் போடுவது? உங்கள் எடையும் உயரமும் உள்ள, நன்றாகச் செய்யும் ஒருவரிடம் போய் எங்கிருந்து தொடங்குகிறீர்கள் என்று கேளுங்கள். பார்க்கில் இருப்பவர்கள் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள், பின்னாலேயே வரச் சொல்லி வேகத்தைக் காட்டவும் செய்வார்கள். காலையில் ஐஸ் பிடித்த பனியில் வேகம் அதிகம், மதியம் வெயிலில் இளகிய பனியில் குறைவு. காலை எடுத்த கணக்கு மதியத்துக்குச் செல்லாது.

நுழையும் முன் கையை உயர்த்தி, சத்தமாகச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். முன்னால் போனவர் இறங்கு சரிவை விட்டு வெளியேறியதைப் பார்த்த பிறகுதான் புறப்பட வேண்டும். இறங்கிய இடத்தில் நின்று வீடியோ பார்க்கக் கூடாது. யாராவது விழுந்து கிடந்தால், மேலே நின்று கைகளைத் தலைக்கு மேல் குறுக்காக வைத்து ஜம்ப் மூடியிருக்கிறது என்று காட்டுங்கள். மொழி தெரியாத ஊரிலும் இந்தச் சைகை புரியும்.

விளிம்பை நெருங்கும்போது திருப்பங்களை நிறுத்திவிட்டு, ஸ்கீயைத் தட்டையாக வைத்து, முழங்கால் மடித்து, விளிம்பில் பாப். பார்வை இறங்கு சரிவில். பத்து முறை ஒரே மாதிரி இறங்கும் வரை அதே ஜம்ப்.

பாக்ஸ்: அதே நாளில் பழகலாம்

ஜம்ப்பில் கால் சோர்ந்தால் பாக்ஸுக்குப் போங்கள். பிளாஸ்டிக் மேற்பரப்புள்ள அகலமான பெட்டி. பனி மட்டத்திலேயே தொடங்கும், குதித்து ஏற வேண்டாத வகையைத் தேர்ந்தெடுங்கள். முதலில் நீளவாக்கில், இரண்டு ஸ்கீயும் நேராக. பார்வை பெட்டியின் கடைசி முனையில். மேலே ஏறியதும் எதுவும் செய்யாதீர்கள். திருப்ப நினைத்தாலே ஸ்கீ எட்ஜின் மேல் சாயும், பிளாஸ்டிக்கில் எட்ஜுக்குப் பிடிமானமே கிடையாது, வழுக்கிவிடும்.

அது சலிக்கும் அளவுக்கு வந்ததும் குறுக்கே சறுக்குவது. பெட்டிக்கு முன் சிறு துள்ளலில் 90 பாகை திரும்பி, கால்களைத் தோளைவிடச் சற்று அகலமாக வைத்து, எடை இரண்டு காலிலும் இருக்க, கண் கடைசி முனையிலேயே. பயத்தில் பின்னால் சாய்ந்தால் இரண்டு ஸ்கீயும் முன்னே ஓடிவிடும், இடுப்பு பெட்டியில் இடிக்கும். முன்னால் போகும் காலின் பக்கம் ஒரு துளி எடை கூடுதலாக இருந்தால் அது நடக்காது. வெளியேறும்போது முதலில் நேராகத் திரும்புங்கள். நன்றாக வந்த பிறகு ஸ்விட்ச்சாக வெளியேறுங்கள். இரும்பு ரெயில் அதற்கு அடுத்த பயணத்தில்.

நான்காம் படி: கிராப்

ஸ்கீயைக் கையால் பிடிப்பது அழகுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கிராப் பிடிக்க முழங்கால் மேலே வர வேண்டும், முழங்கால் மேலே வந்தால் உடம்பு கச்சிதமாகி, காற்றில் அலையாமல் இருக்கும். கை வீசித் தடுமாறுபவருக்கு நான் முதலில் சொல்லும் மருந்து இதுதான்.

‘சேஃப்டி’ முதலில். வலது கையால் வலது ஸ்கீயின் வெளி ஓரத்தைப் பாதத்துக்குக் கீழே பிடிப்பது. கையை ஸ்கீக்குக் கொண்டுபோகக் குனியாதீர்கள், காலைக் கைக்குக் கொண்டுவாருங்கள். டிராம்போலினில் பழகியது இங்கே உதவும். அடுத்தது ‘மியூட்’. ஸ்கீகளைக் குறுக்காக வைத்து, வலது கையால் இடது ஸ்கீயை பைண்டிங்குக்கு முன்னால் பிடிப்பது. ஒரு கணம் தொட்டுவிட்டு விட்டால் கணக்கில்லை, உண்மையாகப் பிடிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: 180, ஸ்விட்ச் 180

இதுவரை வரிசைப்படி வந்தவருக்கு 180 அரை மணி நேர வேலை. சிறிய ஜம்ப்பில் பாப், தலை திரும்புகிறது, இறங்கும்போது பார்வை காலடிப் பனியில் அல்லது விட்டுவந்த ஜம்ப்பில், அப்புறம் ஸ்விட்ச்சில் ஓட்டம். மற்றப் பக்கமும் செய்யுங்கள். பின்னர் ஸ்விட்ச்சாக வந்து 180 சுற்றி நேராக இறங்குவது. ஸ்விட்ச்சில் வேகத்தைக் கணிப்பது கடினம் என்பதால் மிகச் சிறிய ஜம்ப்பிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

ஆறாம் படி: 360

எல்லோரும் காத்திருந்தது இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜம்ப் தேர்வில் ஒரு விஷயம். மிகச் சிறியதில் காற்றில் இருக்கும் நேரம் போதாது, அவசரமாக முறுக்க வேண்டியிருக்கும். நேராகப் போய் சேஃப்டி கிராப் நிதானமாகப் பிடித்து விட நேரம் கிடைக்கிற ஜம்ப் எதுவோ, அதுதான் உங்கள் 360-க்கான ஜம்ப். இளகிய பனி, தெளிவான வெளிச்சம், நாளின் நடுப்பகுதி. மேகமூட்டத்தில் பனியின் மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியாது, அப்போது புது ட்ரிக் வேண்டாம்.

இடப்பக்கம் சுற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓடிவரும்போது ஸ்கீ தட்டை. கைகள் இரண்டும் உடம்பின் முன், வலப்பக்கம் ஒரு சாண் அளவு மட்டும் திரும்பியிருக்கின்றன. விளிம்பை நெருங்குகிறீர்கள், கால் எலும்பு பூட்ஸில் அழுந்துகிறது. விளிம்பில் இரண்டு காலும் சமமாகத் தள்ளும் அதே நொடியில் கைகளும் தோளும் தலையும் இடப்பக்கம் போகின்றன. அதற்கு முன்னால் இல்லை. ஏறும் சரிவிலேயே சுற்றத் தொடங்குபவர்கள்தான் பக்கவாட்டில் சரிந்து விழுகிறார்கள். திருப்பு விசை வேண்டும் என்று பெரிதாகக் கையை வீசவும் வேண்டாம், ஒரு சுற்றுக்கு மிகக் கொஞ்சம் போதும்.

காற்றில் முகவாய் இடது தோளுக்கு மேல். முதல் கால்வாசியில் பக்கத்து மரங்கள் ஓடும், அரைச் சுற்றில் விட்டுவந்த ஜம்ப் தெரியும். இங்கேதான் சோதனை. 180-இல் இறங்கிப் பழகிய உடம்பு இங்கேயே நிற்கப் பார்க்கும், கண் கீழே ஸ்கீயைத் தேடும். கீழே பார்த்தால் சுற்று செத்துவிடும், உடம்பும் சாயும். தோளுக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருங்கள். முக்கால் சுற்றில் கண்ணோரத்தில் இறங்கு சரிவு வரும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், தலை அங்கேயே நிற்கட்டும். மிச்சக் கால் சுற்றை இடுப்பும் காலும் தாமாக முடித்துக்கொள்ளும். சுற்று மெதுவாக இருந்தால் கைகளை உடம்போடு சேர்த்தால் வேகம் கூடும், அதிகமாக இருந்தால் விரித்தால் குறையும். இறங்கும் முன் காலை நீட்டி, தொட்டதும் மடித்து வாங்குங்கள்.

முழுதாகச் சுற்றாமல் 270-இல் இறங்கினால் பெரும்பாலும் காரணம் பார்வைதான், வலிமையல்ல. பக்கவாட்டில் சாய்ந்து இறங்கினால் விளிம்பில் எட்ஜ் பிடித்திருக்கிறது. பின்னால் உட்கார்ந்து இறங்கினால் பாப்பில் கால் எலும்பு பூட்ஸை விட்டு விலகியிருக்கிறது. நண்பரைப் பக்கவாட்டில் நிறுத்தி வீடியோ எடுத்துப் பார்த்தால் இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிடும். தொடர்ந்து மூன்று முறை ஒரே மாதிரி விழுந்தால் நிறுத்திவிட்டுத் தரையில் 360-க்குத் திரும்புங்கள். கால் சோர்ந்த நேரத்தில், லிஃப்ட் மூடும் முன் இன்னும் ஒன்று என்று போகாதீர்கள்.

அதற்கு மேல்

360 இரண்டு பக்கமும் வந்து, அதில் கிராப்பும் பிடிக்க முடிந்தால் வரிசை விரிகிறது. 540 என்பது 360-உம் ஸ்விட்ச்சில் இறங்கும் 180-உம் சேர்ந்தது. ஸ்விட்ச்சில் 360 அதற்கு இணையான கடினம். ரெயிலில் 270 சுற்றி வெளியேறுவது, பிறகு 270 சுற்றி ஏறுவது. 720 அதற்கும் அப்புறம். ஆண்டுக்கு ஒரு வாரம் போகிற நமக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு பயணம் கேட்கும். என்னைக் கேட்டால், 720-க்கு ஓடுவதைவிட இரண்டு பக்கமும் கிராப்போடு சுத்தமான 360 வைத்திருப்பவரே நல்ல ஸ்கீயர். நிறைய சுற்றிக் கையூன்றி இறங்குவதில் எனக்கு மதிப்பில்லை.

எங்கே போவது என்றால், நிசெக்கோ போன்ற ஹொக்கைடோ மலைகளின் பெருமை புதுப்பனி. பார்க்கை முதன்மையாக வைத்துப் போகிறவர்களுக்குச் செப்டம்பரில் நியூசிலாந்தின் வனாகா அருகே உள்ள கார்ட்ரோனா பொருத்தம். வசந்தகாலப் பனி இளகி இருக்கும், சிறிய ஜம்ப்பிலிருந்து பெரியது வரை படிப்படியாக வரிசை இருக்கும். கொரியாவில், 2018 குளிர்கால ஒலிம்பிக்கின் ஃப்ரீஸ்டைல் போட்டிகள் நடந்த ஃபீனிக்ஸ் பார்க் இருக்கிறது. எங்கே போனாலும், நீங்கள் போகும் வாரத்தில் சிறிய ஜம்ப்புகள் கட்டப்பட்டிருக்குமா என்று ரிசார்ட்டுக்கு எழுதிக் கேளுங்கள். பருவத்தின் தொடக்கத்தில் பனி போதாமல் பார்க் பாதிதான் திறந்திருக்கும். டிசம்பர் முதல் வாரத்தில் போகும் குடும்பங்கள் இதை முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

தலைகீழ்

பேக்ஃபிலிப், அச்சு சாய்ந்து சுற்றும் கார்க் எல்லாம் இந்த வரிசைக்கு வெளியே தனி வரிசை. பொது பார்க்குகளில் தலைகீழ் ட்ரிக்குகளைத் தடை செய்திருக்கும் ரிசார்ட்டுகள் பல. நுழைவாயில் பலகையைப் படியுங்கள். கற்க வேண்டும் என்றால் முதலில் சிங்கப்பூரில் பயிற்றுநரோடு டிராம்போலினும் ஃபோம் குழியும், அடுத்து ஏர்பேக் (காற்றடைத்த பெரிய மெத்தை), அப்புறம்தான் பனி. பிளாஸ்டிக் பிரஷ் பரப்பில் உண்மையான ஸ்கீயோடு ஓடிவந்து ஏர்பேக்கில் விழும் பயிற்சி இடங்கள் ஜப்பானில் கோடையிலும் இயங்குகின்றன. ஜூன் பள்ளி விடுமுறையில் போகலாம். முன்னோக்கிச் சுற்றுவதைவிடப் பின்னோக்கிச் சுற்றுவதில் இறங்குமிடம் சீக்கிரம் கண்ணில் படும், அதனால் பயிற்றுநர்கள் பெரும்பாலும் பேக்ஃபிலிப்பில்தான் தொடங்குவார்கள். ஏர்பேக்கில் அவர் போதும் என்று சொல்லும் வரை பனிக்குக் கொண்டுபோகாதீர்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் கேட்டால், பெற்றோர் அந்தப் பயிற்றுநரிடம் நேரில் பேசி, அவர் சான்றிதழைப் பார்த்த பிறகு சம்மதியுங்கள்.